நாடிழந்தவர் தந்த நாதம்

விடியற்பொழுதில் திருப்பதி வானொலி நிலையம் நிகழ்ச்சிகளைத் தொடங்குமுன் ஓர் இன்னிசை ஒலிக்கும். ரேணிகுண்டாவின் தேநீர்க்கடையில் கேட்கும் அவ்விசையே சென்னையிலும் தில்லியிலும் கேட்கும். அஃது அகில இந்திய வானொலியின் அடையாள இசை. தம்புராவின் சுருதியோடு வயலின் இழையும் அவ்விசையை அமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். அவர் இந்தியர் அல்லர். பிறந்த மண்ணைப் பிரிய நேர்ந்த யூத இசைக்கலைஞர்.

காஃப்மன் 1907ஆம் ஆண்டு பொகீமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்தார். இன்று அந்நகரம் செக் குடியரசில் உள்ளது. பெர்லினில் இசையமைப்பைக் கற்ற அவர், பிராக் நகரில் இசை ஆராய்ச்சி மேற்கொண்டார். ஆய்வு முடிந்தும் முனைவர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. தம் பேராசிரியர் நாசி இயக்கத்தைச் சார்ந்தவர் என்று அறிந்ததே அதற்குக் காரணம்.

1933ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி தொடங்கியது. யூதக் கலைஞர்கள் பணியையும் மேடையையும் இழந்தனர். ஓவியர், எழுத்தாளர், இசைவாணர் எனப் பலரும் அயல்நாடுகளில் அடைக்கலம் தேடினர். அவர்களுள் ஒருவராகக் காஃப்மன் 1934ஆம் ஆண்டு பம்பாய் வந்து சேர்ந்தார்.

இந்திய இசையை இசைத்தட்டுகளில் முதன்முதலாகக் கேட்டபோது அஃது அவருக்குச் சிறிதும் விளங்கவில்லை. ஆயினும் அவர் அதனை இகழவில்லை. இத்தனை மக்கள் போற்றும் இசை தமக்கு விளங்காதது தம் குறையே என்று கருதினார். எனவே அது வழங்கும் நாட்டிலேயே அதனைக் கற்க முடிவு செய்தார்.

அதே வேளையில் தம் மரபையும் அவர் கைவிடவில்லை. பம்பாய் வந்த ஆண்டிலேயே இசைக்குழு ஒன்றை நிறுவி, வாரந்தோறும் மேலை இசையை நிகழ்த்தினார். வயலின் கலைஞர் மெலி மேத்தா அக்குழுவில் இடம்பெற்றார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியின் மேலை இசைப் பிரிவுக்குக் காஃப்மன் பொறுப்பு வகித்தார். கோண்டு, பைகா பழங்குடியினரின் பாடல்களையும் கேட்டு ஆராய்ந்தார்.

இவ்விரு உலகங்களும் கலந்த படைப்பே வானொலியின் அடையாள இசை. அது சிவரஞ்சனி இராகத்தைத் தழுவியது. ஐரோப்பாவிலிருந்து வந்து நம் கச்சேரி மேடையில் இடம்பெற்ற வயலின், அதில் தம்புராவோடு இணைகிறது. கார்ல்ஸ்பாத்திலேயே வாழ்ந்திருந்தால் காஃப்மன் இத்தகைய இசையை அமைத்திருக்க இயலாது. எனினும் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1938ஆம் ஆண்டு அவர் பிறந்த நகரம் ஹிட்லரின் வசமாயிற்று. போர் முடிவதற்குள் ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அவர் விட்டுவந்த உலகம் அழிந்துபோயிற்று.

1946ஆம் ஆண்டு அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இங்கிலாந்து சென்று, பின்னர் கனடாவை அடைந்தார். அங்கு வின்னிபெக் நகரின் இசைக்குழுவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடத்தினார். 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் திகழ்ந்தார். பம்பாயில் தொடங்கிய கல்வி அங்கும் தொடர்ந்தது. 1968இல் வட இந்திய இராகங்கள் குறித்தும், 1976இல் தென்னிந்திய இராகங்கள் குறித்தும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. ஒருகாலத்தில் தமக்கு விளங்காத இசையை, அயல்நாட்டு மாணவர்க்கு விளக்கும் ஆசிரியரானார்.

1984ஆம் ஆண்டு காஃப்மன் அமெரிக்காவில் மறைந்தார். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த இந்நாட்டில், அவருடைய பெயர் அறியாத பலரும் அவருடைய இசையை அறிவர்.

சொற்பொருள்
நாதம் – இனிய ஒலி
அடைக்கலம் – புகலிடம்
மரபு – வழிவழியாக வருவது
இகழ்தல் – தாழ்வாகப் பேசுதல்

வினாக்கள்
1. காஃப்மன் முனைவர் பட்டத்தை ஏற்காதது ஏன்?
2. இந்திய இசை விளங்காதபோது அவர் என்ன முடிவு செய்தார்?
3. நீங்கள் வாழும் ஊரில், பிறமொழி நண்பரிடம் கற்ற பாடல் அல்லது விளையாட்டு ஒன்றைப் பற்றியும், நீங்கள் அவருக்குக் கற்பித்த ஒன்றைப் பற்றியும் ஐந்து வரிகளில் எழுதுக.