கரிசல் தந்த கதைகள்: கு. அழகிரிசாமி

கெடா மாநிலத்தின் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், விடிவதற்கு முன்பே வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இரவில் மழை பெய்து பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் அன்று மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டின் வழியே இறங்காது. நனைந்த பட்டையெங்கும் பரவி வீணாகும். மங்கில் விழும் கொஞ்சப் பாலும் மழைநீரோடு கலந்துவிடும். வேலை இல்லையென்றால் கூலி இல்லை. உலகமே விரும்பும் மழை, தோட்டத்து வீட்டில் அடுப்பை அணைக்கும் மழையாகவும் இருந்தது.

தமிழகத்தின் தென்பகுதியில் இதற்கு நேர்மாறான ஓர் ஊர் உண்டு. அதன் பெயர் இடைசெவல். அங்கும் மக்கள் வானத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால், மழை வரவேண்டுமே என்று ஏங்கிப் பார்த்தார்கள். மழை பொய்த்தால் அங்கு விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் வேலையும் இல்லை, உணவும் இல்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த மண்ணையும் அதன் மனிதர்களையும் தமிழ்ச் சிறுகதையில் நிலைபெறச் செய்தவர் கு. அழகிரிசாமி. சில ஆண்டுகள் நம் நாட்டிலும் வாழ்ந்து பணியாற்றியவர் என்பதால் நமக்கு அவர் மேலும் நெருக்கமானவர்.

கரிசல் நிலம்

கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள பகுதியைக் கரிசல் வட்டாரம் என்பர். கரிசல் என்பது கறுப்பு மண். கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் அதே மண் நடப்பவர் காலைப் பிடித்து இழுக்கும் சேறாகிவிடும். ஆனால், பெய்த ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்துக் காக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால்தான் ஆற்றுப் பாசனம் இல்லாத அந்த நிலத்திலும் பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், உளுந்து போன்றவை விளைகின்றன.

இந்த விளைச்சல் முழுவதும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஊர்க் கண்மாய் நிறைந்தால் அந்த ஆண்டு தப்பியது. நிறையாவிட்டால் ஆடுமாடுகளுக்குக்கூடத் தண்ணீர் தேட வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுத்த வெளி. இடையிடையே வேம்பு, பனை, கருவேலம். ஆடி மாதத்தில் புழுதியை வாரி இறைக்கும் காற்று. வெளியூரார் கண்ணுக்கு அது வறண்ட காடு. அங்கே பிறந்தவர்களுக்கோ ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மண்பாதையும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க சொந்தம்.

இரு நண்பர்கள்

அழகிரிசாமி 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் குருசாமி - தாயம்மாள் இணையருக்குப் பிறந்தார். எளிய குடும்பம். அவருடைய அண்டைவீட்டு நண்பர், பின்னாளில் கரிசல் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட கி. ராஜநாராயணன். இருவருக்கும் ஏறக்குறைய ஒத்த வயது. ஒரே தெருப்புழுதியில் விளையாடிய இரண்டு சிறுவர்களும் பின்னர்த் தமிழ் இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்றார்கள்.

நண்பர்கள் இருவரும் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தனர். கர்நாடக இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டனர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கவிதை விளக்கங்களும் அவர்களை ஈர்த்தன. அவர் வாழ்ந்த குற்றாலம் சாரலும் அருவியும் நிறைந்த ஊர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திற்குள்ளேயே ஒரு பக்கம் மலைச்சாரல், மறுபக்கம் வெடித்த கரிசல். நிலம் மாறினால் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதை இளமையிலேயே அழகிரிசாமி காண முடிந்தது.

பள்ளிப் படிப்பை முடித்த பின் அவர் சிறிது காலம் ஆசிரியராகவும், பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகவும் வேலை செய்தார். அரசு வேலை என்பது அந்நாளில் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பெருங்கனவு. ஆனால், அவர் மனம் எழுத்தையே நாடியது. அவருடைய முதல் சிறுகதை 1943ஆம் ஆண்டில் ‘ஆனந்த போதினி’ இதழில் வெளிவந்தது. அதன்பின் அரசு வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் இதழாசிரியர் குழுவில் சேர்ந்தார். ‘பிரசண்ட விகடன்’, ‘சக்தி’ முதலிய இதழ்களிலும் பணியாற்றினார். வருமானம் குறைவு, நிச்சயமும் இல்லை. மழையை நம்பி விதைக்கும் கரிசல் விவசாயியைப் போலவே அவரும் எழுத்தை நம்பித் தம் வாழ்க்கையை விதைத்தார் எனலாம்.

மண்ணிலிருந்து எழுந்த கதைகள்

சென்னையில் வாழ்ந்தபோதும் அவர் மனம் இடைசெவலை விட்டு விலகவில்லை. ஊரில் இருந்த நண்பர் ராஜநாராயணனுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் பின்னாளில் தனி நூலாகவே வெளிவந்தன. ஊரின் நினைவு அவருடைய கதைகளிலும் ஊறி நின்றது. ஆயினும், அவர் இயற்கையைப் பக்கம் பக்கமாக வருணித்தவர் அல்லர். மண்ணும் மழையும் வெயிலும் மனிதர்களை எப்படி உருவாக்குகின்றன என்பதையே அவர் எழுதினார்.

‘குமாரபுரம் ஸ்டேஷன்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். குமாரபுரம், இடைசெவலுக்கு அருகே உண்மையிலேயே உள்ள ஒரு சிறிய இரயில் நிலையம். ஆள் நடமாட்டம் குறைந்த வெளியின் நடுவே அது தனித்து நிற்கிறது. கதையில் வரும் பள்ளித் தலைமையாசிரியர், இத்தகைய இடத்தில் ஒரு நிலையம் எதற்கு என்று முதலில் எண்ணுகிறார். பிறகு, கோவில்பட்டிப் பள்ளியில் சேர்வதற்காகச் செல்லும் கிராமத்துச் சிறுவர்களோடு இரயிலில் பயணம் செய்கிறார். அவர்களுடைய அச்சத்தையும் ஆசையையும், அவர்களை அழைத்துவரும் எளிய மனிதரின் அன்பையும் காண்கிறார். அந்தச் சிற்றூர் நிலையம் எத்தனை வாழ்க்கைகளுக்கு வாசலாக இருக்கிறது என்பது அவருக்குப் புரிகிறது. வெறும் காடு என்று அவர் நினைத்த இடம், கதை முடியும்போது பெரிய கல்விக்கூடமாகத் தோன்றுகிறது. மாறியது நிலம் அன்று, பார்த்தவரின் பார்வை.

மழை பொய்த்த நிலத்தின் துயரத்தையும் அவர் மறைக்கவில்லை. ‘திரிபுரம்’ என்னும் கதை, பஞ்சத்தால் ஊரை விட்டு வெளியேறும் ஒரு தாயையும் மகளையும் பற்றியது. வானம் கைவிட்டபின், பசி மனிதரை எந்த எல்லைக்குத் தள்ளும் என்பதை அது நெஞ்சு நடுங்கச் சொல்கிறது. ‘சுயரூபம்’ கதையில், பழம்பெருமை பேசும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பசியோடு ஒரு சிறிய இட்லிக் கடையின் முன் காத்திருக்கிறார். கடனுக்குக் கேட்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவர் படும் பாடு, சிரிப்பையும் கண்ணீரையும் ஒருசேர வரவழைக்கும். ‘இருவர் கண்ட ஒரே கனவு’ கதையில் தாயை இழந்த இரண்டு சிறுவர்கள் குளிரில் உறங்குகிறார்கள். இறந்துபோன தாய் தன் சேலையால் தங்களைப் போர்த்துவதாக இருவருமே கனவு காண்கிறார்கள். குளிர் என்பது அக்கதையில் வெறும் தட்பவெப்பம் அன்று, தாயில்லாமை.

இவ்வளவு வறுமைக்கு நடுவே ஈரம் எங்கிருந்து வந்தது? அதற்கு விடையாக அமைவது ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் கதை. தீபாவளி நேரம். செல்வர் வீட்டுச் சிறுவனுக்கும் ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாளுக்கும் பெருமைப் போட்டி நடக்கிறது. அப்போது உடலெல்லாம் சிரங்கு பிடித்த ஓர் அனாதைச் சிறுவன் ஊருக்குள் வருகிறான். ஏழைத் தாய் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தன் கணவருக்காக வாங்கி வைத்திருந்த துண்டையும் அவனுக்குக் கட்டிவிடுகிறாள். அந்தச் சிறுவனின் பெயர் ராஜா. செல்வர் வீட்டுக்கு ஜமீன் மருமகன் வருகிறார் என்றால், தங்கள் வீட்டுக்கும் ஒரு ராஜா வந்திருக்கிறான் என்பதில் மங்கம்மாளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

வானத்தில் எப்போதாவது வரும் மழையை மட்டும் நம்பி வாழ முடியாத மக்கள், ஒருவரை ஒருவர் நம்பித்தான் வாழ்ந்தாக வேண்டும். கரிசல் மண் மேலே வெடித்திருந்தாலும் அடியில் ஈரத்தைக் காப்பது போல, அம்மக்களும் வறுமையின் அடியில் அன்பைக் காத்தார்கள். அழகிரிசாமி தம் கதைகளில் காட்டியது இந்த ஈரத்தைத்தான்.

மலாயாவில் அழகிரிசாமி

1950களின் முற்பகுதியில் அழகிரிசாமி மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ஆசிரியப் பணியாற்றினார். கோவில்பட்டி வட்டாரத்தில் ஓராண்டில் பெய்வதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு மழை கோலாலம்பூரில் பெய்கிறது. வறண்ட கரிசலில் பிறந்தவருக்கு ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் இந்த நாடு முற்றிலும் வேறோர் உலகம். 1955ஆம் ஆண்டில் அவர் சீதாலட்சுமி அம்மையாரை மணந்தார்.

இங்கு இருந்த காலத்தில் அவர் உள்ளூர் எழுத்தாளர்களுக்குத் துணையாக விளங்கினார். இலக்கிய ஆர்வலர்கள் கூடிக் கதைகளைப் படித்து, நிறைகுறைகளைப் பேசும் சூழல் உருவாக உதவினார். இந்நாட்டுத் தமிழர்கள், தாங்கள் வாழும் தோட்டத்தையும் பட்டணத்தையும் களமாகக் கொண்டு கதை எழுத முனைந்திருந்த காலம் அது. சொந்த ஊரின் புழுதியைக்கூட இலக்கியமாக்கிய ஒருவர் அவ்வேளையில் அவர்களிடையே இருந்தது நற்பேறு.

மறைவும் பெருமையும்

1957ஆம் ஆண்டில் அவர் தமிழகம் திரும்பினார். பின்னர் ‘நவசக்தி’ நாளிதழில் பணியாற்றினார். நூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகள், நாவல்கள், நாடகங்கள், கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள் என அவர் பலவும் எழுதினார். கம்பராமாயணத்திலும் காவடிச்சிந்திலும் அவருக்கிருந்த பற்று, அவற்றின் பதிப்புப் பணியிலும் அவரை ஈடுபடுத்தியது. இத்தனை உழைத்தும் பொருள் வளம் அவரைத் தேடி வரவில்லை.

1970ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், தமது நாற்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி விருது, ‘அன்பளிப்பு’ என்னும் அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இல்லை. ஐப்பசியில் வரவேண்டிய மழை, பயிர் கருகிய பின் வந்ததைப் போன்றது அது. ஆனால், அவர் விதைத்த கதைகள் கருகவில்லை. அவர் நண்பர் ராஜநாராயணனும் அவருக்குப்பின் வந்த எழுத்தாளர் பலரும் கரிசல் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதினர். வறண்ட காடு என்று ஒதுக்கப்பட்ட நிலம், தமிழ் இலக்கியத்தில் வளமான நிலமாயிற்று.

நம் மண்ணின் கதை

நம் கெடா மாநிலத்திலும் இதற்கு நிகரான சான்று உண்டு. சீக் வட்டாரத்தின் பங்குல் டெர்டாப் கிராமத்தில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர் ஷானோன் அகமது. வெள்ளம், நண்டு, பறவைக் கூட்டம் ஆகியவற்றோடு போராடும் ஒரு நெல் விவசாயக் குடும்பத்தின் கதையை 1966ஆம் ஆண்டில் அவர் ‘ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ என்னும் மலாய் நாவலாக எழுதினார். பின்னாளில் நாட்டின் தேசிய இலக்கியவாதி என்னும் உயர்ந்த சிறப்பையும் பெற்றார். இடைசெவலின் தமிழ் எழுத்தாளரும் பங்குல் டெர்டாப்பின் மலாய் எழுத்தாளரும், தாம் பிறந்த சிற்றூரின் வானிலையிலிருந்தே கதைகளை எடுத்தார்கள்.

சுங்கை லாலாங்கில் நின்று பார்த்தால் ஜெராய் மலை தெரியும். அதன் உச்சியில் மேகம் கவியும்போது மழை வருமா, வராதா என்று பேசிக்கொண்ட தலைமுறை இன்று முதுமை அடைந்துவிட்டது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்க, பால் குறைந்து, கூலியும் குறைந்த நாள்களை அவர்கள் அறிவார்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மரங்கள் போய்விட்டால், அவற்றோடு வாழ்ந்தவர்களின் நினைவுதான் எஞ்சும். அதைக் கேட்டு எழுதி வைக்க ஒருவர் இல்லையென்றால் அந்த நினைவும் போய்விடும்.

மாணவர்களே, உங்கள் பாட்டி தாத்தாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மழை பெய்த விடியற்காலையில் வீட்டில் என்ன சமைத்தார்கள், அன்று யார் யாருக்கு அரிசி கொடுத்து உதவினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையில் ஒரு கதை இருக்கும். இடைசெவலில் அழகிரிசாமி கண்டெடுத்ததும் அத்தகைய கதைகளைத்தான்.