தொழிலாளர் வாக்குக்கு மதிப்புத் தேடிய அண்ணல்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்று போற்றாத மேடை நம் வட்டாரத்தில் இல்லை. ஆயினும் அவர் தொழிலாளர் தலைவராகவும் விளங்கினார் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆதலின் இம்மலரில் அதனையே எழுதத் துணிந்தோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மோவ் நகரில், படைவீரர் குடும்பத்தில் பிறந்த அவர், அமெரிக்காவிலும் இலண்டனிலும் உயர் பட்டங்கள் பெற்றுத் திரும்பிய பின்னரும், பம்பாய்ப் பரேலில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த குடியிருப்பிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். தொழிலாளர் துயரை அவர் ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர்.

அக்காலப் பம்பாய் ஆலைகளில் நூற்புப் பகுதியில் நம் மக்களுக்கு வேலை கிடைத்தது. கூலி மிகுந்த நெசவுப் பகுதியின் கதவு மட்டும் அடைத்தே கிடந்தது. காரணம் கேட்பின் வியப்பீர்கள். நாடாவில் நூல் தீர்ந்து புது நூல் மாற்றுங்கால், நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுத்தல் வேண்டும். (ஆரணித் தறிகளைக் கண்டவர்க்கு நாடா இன்னதெனச் சொல்ல வேண்டியதில்லை.) நம்மவர் வாய் பட்ட நாடாவைப் பிறர் தொட்டால் தீட்டாம்! முதலாளியை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற தோழர்களே தறியருகில் தீண்டாமை பாராட்டினர். 1928இல் ஆறு மாத காலம் நடந்த பெரு வேலைநிறுத்தத்தின்போது, இத்தடை நீங்க வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் சேர்க்குமாறு அண்ணல் வற்புறுத்தினார். சேர்க்காவிடின் நம் மக்களை வேலைநிறுத்தத்தில் கலவாதிருக்கச் சொல்ல நேரும் என்று எச்சரித்த பின்னரே, தலைவர்கள் தயங்கித் தயங்கி இசைந்தனர்.

1938 பிப்ரவரியில் மன்மாட்டில் இரயில்வேயில் பணிபுரிந்த ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர் ஒற்றுமையைப் பிளக்கிறார் என்று அவரைப் பழித்தனர். பிளவை உண்டாக்கியது நம் மாநாடு அன்று, சாதியே என்று அவர் நிறுவினார். இன்றளவும் அவ்விடைக்கு மறுப்பு வந்ததாக நாம் அறியோம்.

ஈண்டு எம் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் தகும். கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாள் திருவண்ணாமலைத் தெருக்களைத் துலக்குவோர் யாவர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அன்னார் உறுப்பினராயிருந்த சங்கம் ஒன்றில், பல்லாண்டுகளுக்கு முன், அவர்கள் பணியில் இருந்த வேளையிலேயே கூட்டம் கூட்டிக் கைதூக்கித் தேர்தலை முடித்துவிட்டனர். பெயர் வேண்டா. உறுப்பினர் பதிவேட்டைக் காட்டுங்கள், மறைவாக வாக்களிக்க விடுங்கள் என்ற இரண்டையே கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். மறுதேர்தல் நடக்க ஈராண்டு ஆயிற்று. சந்தா கட்டுவோர் வேறு, பதவி வகிப்போர் வேறு என்றிருக்குமாயின் அது யாருக்குச் சங்கம்?

1942இல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்ற அண்ணல், மறு ஆண்டே தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயமாக அங்கீகரிக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். தொழிலாளரின் மெய்யான பிரதிநிதியாக விளங்கும் சங்கத்துக்கே அவ்வுரிமை என்பது அதன் கருத்து. 1947இல் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் நடைமுறைக்கு வரவேயில்லை.

வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1928இலேயே சைமன் குழுவிடம் கேட்டவர் அவர். 1950இல் அது அரசியலமைப்பிலேயே அமைந்தது. அவ்வுரிமையின்படி நடந்த முதற் பொதுத்தேர்தலில், பம்பாய் வடக்கில் அவரே தோற்றார். அஃது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு இரு வாக்கு; இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு இடலாகாது. 70,000க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவையாயின. அசோக் மேத்தாவுடன் சேர்ந்து தேர்தல் மனுத் தொடுத்தார். அது வெற்றி பெறவில்லை. இருந்தும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் வேட்பாளராய் நின்றார். அதிலும் தோல்வியே.

1956 டிசம்பர் 6இல் தில்லியில் மறைந்தார். மறுநாள் தாதர் கடற்கரை நோக்கிச் சென்ற இறுதி ஊர்வலத்தில், பரேல் ஆலைத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாய் நடந்தனர்.