ஜி.என்.ராமச்சந்திரன்: மேற்கோள் எண்ணிக்கையில் சிக்காத சென்னை விஞ்ஞானி

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரிய ஆள்? இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் கூகுள் ஸ்காலரைத் திறப்பார்கள். எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு? வேலையும் பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் இதை வைத்துத்தான். ஆனால், கணினி உயிரியலில் தினமும் புழங்கும் ஒரு பெயர் இந்தக் கணக்கில் சரியாக விழாது. அது ஜி.என்.ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் சேர்ந்தார். அங்கிருந்து அவரைத் தன் துறைக்கு இழுத்துக்கொண்டவர் சி.வி.ராமன். பிறகு கேம்பிரிட்ஜில் பிஹெச்.டி. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானபோது அவருக்கு 30 வயதுகூட முழுசாக ஆகவில்லை.

அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் கொலாஜன். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-ல் மூன்று இழை அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, மூன்று இழைகளும் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும் என்று திருத்தினார்.

பிரச்சினை அப்போதுதான் ஆரம்பித்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சோடு சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. ஹைட்ரஜன் பிணைப்பு எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதுதான் பின்னர் நிலைத்தது; முறுக்கிய மூன்று இழை என்ற அடிப்படை ராமச்சந்திரனுடையது. வேறு யாராவது என்றால் ஒரு மறுப்புக் கடிதத்தோடு விட்டிருப்பார்கள். இவர் அடிப்படைக் கேள்விக்கே போனார்: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நினைத்த இடத்தில் வண்டியை ஒடிக்க முடியாது. புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி அது. ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்று 2 திருப்பக் கோணங்கள் உண்டு. தப்பான கோணத்தில் திருப்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் சேர்ந்து எல்லாக் கோணங்களையும் கணக்குப் போட்டார். கையில் இருந்தது மேசைக் கணக்கு இயந்திரம்தான். கட்டத்தில் குறித்துப் பார்த்தால் பெரும்பகுதி ‘நோ என்ட்ரி’. சில தீவுகளில் மட்டுமே அனுமதி. 1963-ல் 5 பக்கத்தில் வெளியான இந்தப் படம்தான் ‘ராமச்சந்திரன் பிளாட்’.

மேற்கோள் கணக்கு தடுமாறுவது இங்கேதான். ஒரு கண்டுபிடிப்பு ரொம்பப் பிரபலமானால் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். நியூட்டன் விதியைப் பயன்படுத்துகிறவர் யாரும் நியூட்டனின் புத்தகத்தை அடிக்குறிப்பில் போடுவதில்லையே! உலகப் புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. புரத அமைப்புகளுக்கு அங்கே கிடைக்கும் தரச் சோதனை அறிக்கையில் ராமச்சந்திரன் படத்துக்கு வெளியே விழும் கண்ணிகளின் சதவீதம் இருக்கும். பெயர் இருக்கும், மேற்கோள் இருக்காது. எண்ணிக்கையில் ஏறாத மரியாதை இது.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரை, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க எளிய கணக்கு முறையைச் சொன்னது. சி.டி. ஸ்கேனுக்குத் தேவையான கணிதம் அது. 1979-ல் அந்தத் துறைக்கான நோபல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போனது.

ராமச்சந்திரனுக்கு நோபல் கடைசி வரை வரவில்லை. 1999-ல் படிகவியலுக்கான எவால்ட் பரிசு வந்தபோது மனைவியை இழந்து, பார்க்கின்சன் நோயோடு இருந்தார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். 2024-ல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த ஆல்ஃபாஃபோல்டு கணிக்கும் புரதங்களையும், சரிதானா என்று பார்க்க ஆய்வாளர்கள் அவருடைய படத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.