டாக்டர் ஹென்ச்சின் மருந்து

பகைவனை எதிர்க்கப் படை திரட்டுவது ஒரு கலை. திரட்டிய படை தன் நாட்டையே சூறையாடாமல் காப்பது அதனினும் அரிய கலை. பொது வாழ்வில் ஈடுபட்டோருக்கு இது புதிய பாடமன்று. நியாயமான கோபத்துடன் புறப்பட்ட கூட்டம் கட்டுக்கடங்காமற் போய், கொண்ட லட்சியத்துக்கே பங்கம் விளைத்த வரலாறுகளை நாம் அறிவோம். மனித சரீரத்துக்குள்ளும் இதே சங்கடம் எழுவதை இன்றைய புற்றுநோய் வைத்தியம் நமக்குக் காட்டுகிறது.

இம்யூனோதெரபி என்னும் எதிர்ப்புச் சக்திச் சிகிச்சையின் தத்துவம் எளியது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களுக்குப் புற்றுநோயைத் தாக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆனால் அவற்றுக்கு இயற்கை பூட்டிய கடிவாளத்தை நோய் தந்திரமாகப் பற்றி இழுத்து நிறுத்திவிடுகிறது. அக்கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்துகளில் முதலாவதான இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வழியைக் கண்ட அமெரிக்கரான ஆலிஸனுக்கும் ஜப்பானியரான ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடிவாளம் நீங்கிய குதிரை எங்கே பாயும் என்று யார் சொல்வது? சிலருக்கு அது குடலையும், சிலருக்கு நுரையீரலையும், சிலருக்குக் கல்லீரலையும் தோலையும், அரிதாக இருதயத்தையும் தாக்கி அழற்சி உண்டாக்குகிறது. அப்பொழுது வைத்தியர் ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். நோயாளியின் குடும்பம் கலங்குகிறது. எதிர்ப்புச் சக்தியை எழுப்ப ஒரு மருந்து, அதையே அடக்க மற்றொரு மருந்தா? முன்னதன் பலன் பின்னதால் பாழாகாதா? இக்கேள்விக்கு விடை தேடுவோர், அம்மருந்தை மனிதருக்கு முதன் முதல் வெற்றியுடன் பிரயோகித்தவரின் வாழ்க்கையை அறிவது நலம்.

டாக்டர் பிலிப் ஷோவால்டர் ஹென்ச் 1896-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவு உடையவர். ஆகவே அவர் பேச்சுத் தெளிவாயிராது. அக்குறை அவரைப் பின்னுக்குத் தள்ளவில்லை. 1920-இல் வைத்தியப் பட்டம் பெற்று, மின்னஸோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள புகழ் பெற்ற மேயோ வைத்தியசாலையை அடைந்தார். 1926-இல் அங்கே மூட்டுவாத நோய்ப் பகுதிக்குத் தலைவரானார். அக்காலத்தில் மூட்டுவாதம் வைத்தியருக்குப் புகழ் தரும் நோயன்று. கை கால் முடங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நோயாளிகளிடம் ஆறுதல் வார்த்தை கூறுவதன்றி வேறு செய்ய இயலாது என்பதே பொது அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை ஹென்ச் ஏற்கவில்லை.

1929 ஏப்ரல் முதல் தேதி அவர் ஒரு செய்தியைக் கேட்டார். அறுபத்தைந்து வயதான ஒரு நோயாளி, தாமும் வைத்தியரே, வெகு நாளாக மூட்டுவாதத்தால் வருந்தியவர். அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண்டதும் மூட்டு வலி விலகியது. காமாலை நீங்கிய பின்னும் பல வாரங்கள் வலி திரும்பவில்லை. மற்றொருவராயின் இதைக் கேட்டு வியந்து மறந்திருப்பார். ஹென்ச்சோ, ஒரு நோயே மற்றொரு நோய்க்கு மருந்தாவானேன் என்று வினவினார். கர்ப்பவதிகளான மூட்டுவாதப் பெண்களுக்கும் பிரசவ காலம்வரை வலி தணிந்திருப்பதைப் பின்னர் கண்டார். வழக்கு மன்றத்தில் சந்தர்ப்ப சாட்சியங்களை ஒன்றோடொன்று பொருத்தி உண்மையை நிரூபிப்பது போலவே அவர் தர்க்கம் நடந்தது. காமாலை ஆண் பெண் இருபாலாருக்கும் வரும். ஆதலால் தணிக்கும் பொருள் பெண்மைக்கே உரிய சுரப்பன்று. கர்ப்பவதிக்குக் காமாலையில்லை, ஆதலால் அது பித்தமுமன்று. இரண்டு நிலைகளிலும் உடலில் மிகும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று முடிவு கட்டி, அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டுத் தேடலானார். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். காமாலை கண்டவரின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஆண்டுகள் கழிந்தன, பலன் கிட்டவில்லை.

அதே மேயோ வைத்தியசாலையில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து பல பொருள்களை அவர் பிரித்தெடுத்திருந்தார். அவற்றில் ஒன்று 'ஈ' என்னும் சேர்மம். 1941-இல், இதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதென்று இருவரும் பேசி முடிவு செய்தனர். ஆனால் கொடுப்பதற்குப் பொருள் இல்லை. மலைபோன்ற மாட்டுச் சுரப்பிகளைப் பிழிந்தாலும் ஊசிமுனையளவே கிடைத்தது. இடையில் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியது. ஹென்ச் ராணுவ வைத்தியராகப் பணி புரியச் சென்றார். ஜெர்மானிய விமானிகள் அட்ரினல் சத்தைப் பெற்று மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்ற வதந்தியொன்று கிளம்ப, அமெரிக்க சர்க்கார் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. வதந்தி பொய்யாயினும் விளைந்த பயன் மெய்யாயிற்று. மெர்க் கம்பெனியின் இளம் நிபுணர் லூயிஸ் ஸாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் இச்சேர்மத்தைச் செய்யும் வழியைக் கண்டார்.

1948 செப்டம்பர் 21-ஆம் தேதி முதல் ஊசி போடப்பட்டது. நோயாளி இருபத்தொன்பது வயதுப் பெண்மணி. படுக்கையில் புரளவும் துன்பப்பட்டவர். தினம் 100 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. சில தினங்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். 1949 ஏப்ரலில் பதினான்கு நோயாளிகளின் விவரத்தை ஹென்ச்சும் அவருடைய சகாக்களும் வெளியிட்டபோது வைத்திய உலகம் பிரமித்தது. கார்ட்டிஸோன் என்று பெயர் பெற்ற அப்பொருளுக்காக 1950-இல் ஹென்ச், கெண்டல், ஸ்விட்ஜர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹென்ச்சின் பெருமை அந்த வெற்றியில் மட்டும் இல்லை என்பது நமது கருத்து. ஊரெல்லாம் அற்புதம் என்று கொண்டாடிய வேளையில், இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று, ஆராய்ச்சிக்குரிய கருவி என்று அவர் எச்சரித்தார். மருந்தை நிறுத்தியதும் வலி திரும்புவதை அவர் மறைக்கவில்லை. முகம் சந்திரன்போல் உப்புதல், மனக் குழப்பம், புண் ஆறத் தாமதித்தல் முதலிய தீங்குகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தால், உடலின் சொந்தச் சுரப்பிகள் வேலையை மறந்து உறங்கிவிடுகின்றன என்பதும் விளங்கிற்று. கார்ட்டிஸோன் நோயின் மூலத்தை அழிப்பதில்லை; அதன் தாக்குதலுக்கு எதிராக உடலுக்கு ஒரு கேடயம் தருகிறது என்பதே அவர் கொண்ட விளக்கம்.

இம்மருந்து ஏழைக்கு எட்டியது வேறொரு கதை. 1949-இல் ஒரு கிராம் 200 டாலர் விலை. அதே ஆண்டு, சிக்காகோவில் பெர்ஸி ஜூலியன் என்ற நீக்ரோ விஞ்ஞானி சோயா மொச்சையிலிருந்து 'எஸ்' என்னும் சேர்மத்தைச் செய்யும் வழியைக் கண்டார். அது கார்ட்டிஸோனுக்கு ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணுத் தூரத்தில் நிற்பது. 1952-இல் அப்ஜான் கம்பெனியார் ஒரு பூஞ்சணத்தைக் கொண்டே அந்த அணுவைச் சேர்க்கும் முறையைக் கண்டனர், விலை சரிந்தது. அடிமைகளின் பேரனான ஜூலியன் வெள்ளையர் வசித்த பகுதியில் வீடு வாங்கினார் என்ற குற்றத்துக்காக, 1950-இல் அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951-இல் வெடி வைத்தனர். வெடி வைத்த இனத்தாரின் வலியையும் அவர் உழைப்பு தணித்தது. நிறவெறிக்கு இதனினும் தக்க பதில் உண்டோ? 1955-இல், கார்ட்டிஸோனைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வலிமையுள்ள பிரெட்னிஸோன் விற்பனைக்கு வந்தது. இன்று புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் மாத்திரை இதன் வழி வந்ததே. ஹென்ச் 1957-இல் ஓய்வு பெற்றார். 1965 மார்ச் 30-ஆம் தேதி, ஜமைக்காத் தீவுக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். இம்யூனோதெரபியால் விளையும் அழற்சிக்காக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களில் பலருக்குப் புற்றுநோய் மீண்டும் தலையெடுக்கவில்லை. அவர்கள் பெற்ற நன்மை நிலைத்தது என்றே பெரும்பாலான ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிஸோன் எடுத்துவந்தவர்களுக்குப் பலன் குறைந்து காணப்பட்டது உண்மை. ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே நோய் முற்றி நலிந்தவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேவைக்கு மேற்பட்ட அளவு நன்மையைக் குறைக்கக்கூடும் என்ற சந்தேகமும் இல்லாமலில்லை. ஆகவே வைத்தியர்கள் தீங்கின் தரத்துக்கேற்ப அளவை நிர்ணயிக்கிறார்கள். இலேசான தடிப்புக்கு மேற்பூச்சே போதும். தைராய்டு சுரப்பி செயலிழந்தால் அதன் சுரப்பை மாத்திரையாகக் கொடுப்பதே முறை. ஸ்டீராய்டு பெரும்பாலும் வேண்டியதில்லை. கடுமையான குடல் அழற்சிக்கும் நுரையீரல் அழற்சிக்குமோ, புற்றுநோய் மருந்தை நிறுத்திவைத்து, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வீதம் கொடுத்து, தணிந்த பின் 4 முதல் 6 வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சில தினங்களில் தணியாவிடில் வேறு மருந்து சேர்க்கிறார்கள்.

இவ்விஷயத்தில் இரண்டு தவறுகள் உயிருக்கே ஆபத்தாகும். ஒன்று, ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்களே என்றஞ்சி, வயிற்றுப்போக்கையும் இருமலையும் மூச்சுத் திணறலையும் வைத்தியரிடம் மறைப்பது. குடல் துளைபட்ட பின் சொல்லிப் பயனில்லை. மற்றொன்று, சற்றுச் சுகம் கண்டதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. அடங்கிய அழற்சி மீண்டும் கிளம்பும். உறங்கிய அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாமையால் உடல் தளர்ந்து சாயும். மாத்திரை எடுக்கும் காலத்தில் சர்க்கரை ஏறலாம், தூக்கம் கெடலாம், தொற்று நோய் எளிதில் பற்றலாம். இவற்றுக்குப் பரிகாரம் கவனிப்பே, கைவிடுதல் அன்று.

ஹென்ச் தம் நோயாளிகளிடம் கண்ட உண்மைகள் இவையே: தணிவிக்கலாம், ஆனால் அளவோடு, நிறுத்தலாம், ஆனால் படிப்படியாக, புகழலாம், ஆனால் குறையை மறைக்காமல். பகையை வெல்லப் புறப்பட்ட படைக்கு ஆவேசம் வேண்டும்; அந்த ஆவேசம் வீட்டைக் கொளுத்தாதபடி ஒரு கை தடுத்தும் நிற்க வேண்டும். அந்தக் கையைத் துரோகி என்று எண்ணுவோர் போரின் இயல்பை அறியாதவர். புற்றுநோயாளியின் படுக்கையருகே இருந்து அந்தச் சின்னஞ்சிறு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்கள், அச்சத்தோடு அல்லாமல் விழிப்போடு கொடுப்பார்களாயின், ஆறுதல் வார்த்தையோடு மனம் நிறைவு கொள்ள மறுத்த அந்த வைத்தியருக்கு அதுவே தக்க மரியாதையாகும்.