சாம்பல் மேட்டுப் புதிரும் அறிஞர் புரூஸ் ஃபுட்டும்

ஆராய்ச்சி என்றதும் நம் கண்முன் நிற்பவை கண்ணாடிக் குடுவைகளும் மின்பொறிகளுமே. அவை ஏதுமின்றி, நடக்கும் கால்களையும் பார்க்கும் கண்களையும் துணையாகக் கொண்டே நம் நாட்டின் வரலாற்றைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நீட்டிய பெரியார் ஒருவர் உண்டு. அவர்தாம் இராபர்ட் புரூஸ் ஃபுட். தமிழ் மண்ணில் புகழ்பெற்ற அவர் கண்மூடியது, நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கல்கத்தா மாநகரில். டாலிகஞ்சில் குடியிருந்து வேதியியல் பயிலும் சேலத்து மாணவனாகிய நான் அவர் வரலாற்றை எழுத விழைந்ததற்கு இஃதொரு காரணம். மற்றொரு காரணம் என் பாடத்தைச் சேர்ந்தது. அதை உரிய இடத்தில் கூறுவேன்.

பிறப்பும் பணியும்

ஃபுட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1858இல், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். பணியாற்றிய இடமோ பெரும்பாலும் தென்னாடு. குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பாறைகளையும் மண்ணையும் ஆய்ந்து நிலப்படம் வரைவதே அவருடைய வேலை.

தமிழோடு அவருக்கு உறவும் உண்டு. அவர் மணந்தது, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்ப்பணி புரிந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவரும் அந்தப் பெர்சிவலே.

பல்லாவரத்துக் கல்

1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் செதுக்கிய கல் ஒன்றை ஃபுட் எடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவர் கண்ணுக்கு அது பழங்கற்கால மனிதன் செய்த கைக்கோடரி. இந்திய நாட்டில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதற்சான்று ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் தம் தோழர் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அங்குள்ள கருவிகள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர். இந்திய முந்துவரலாற்றின் தந்தை என்று ஃபுட்டை உலகம் போற்றுவது பொருத்தமே.

இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. நான் விரித்துரைக்க விரும்புவது அவருடைய மற்றொரு பணியை.

சாம்பல் மேடுகள்

கருநாடகத்துப் பெல்லாரிப் பக்கம் போனால், கற்குன்றுகளுக்கு இடையே வறண்ட புல்வெளிகளில் விந்தையான மேடுகளைக் காணலாம். சில ஓட்டு வீட்டினும் உயர்ந்தவை. வெட்டிப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகச் சாம்பல். இடையிடையே உருகி இறுகிய, கண்ணாடி போன்ற கட்டிகள். தக்காணத்தில் இத்தகைய மேடுகள் நூற்றுக்கு மேல் உள்ளன.

இவை எவ்வாறு தோன்றின? வீமன் கொன்ற இடும்பனை எரித்த சாம்பல் என்றனர் ஊரார். முனிவர்களின் வேள்விச் சாம்பல் என்றனர் வேறு சிலர். படித்தவர்களோ எரிமலைக் கழிவு என்றும், இரும்புலைக் கிட்டம் என்றும், போரில் மாண்டோரின் சிதைச் சாம்பல் என்றும் ஆளுக்கொன்று கூறினர்.

ஃபுட் நாற்காலியில் அமர்ந்து விடை தேடவில்லை. மேடுகளுக்கே நடந்து சென்றார். அங்கே அவர் கண்டவை மெருகேற்றிய கற்கோடரிகள், அரைக்கும் கற்கள், பானையோடுகள், கால்நடைகளின் எலும்புகள். எனவே இவை புதிய கற்கால மக்களுடையவை என்று காலத்தை நிலைநாட்டினார். சாம்பலின் தன்மையைக் கொண்டு அது எரிந்த மாட்டுச் சாணமே என்று தெளிந்தார். அத்துணைச் சாணம் ஓரிடத்தில் எப்படிச் சேரும்? ஆப்பிரிக்க மக்கள் முள்வேலி கட்டி மந்தைகளை இரவில் அடைப்பதை எண்ணினார். அதுபோல் இங்கும் பண்டை ஆயர் வேலியிட்டு மாடடைத்த பட்டிகளே இம்மேடுகள் என்று முடிவு கட்டினார்.

வேதியியல் கூறும் சான்று

சாணம் எரிந்தால் கண்ணாடிக் கட்டி ஆகுமா என்று நண்பர்கள் வினவலாம். ஆகும். புல்லில் சிலிகா என்னும் மணற்சத்து உண்டு. மாட்டின் வயிற்றில் அது செரிப்பதில்லை, சாணத்தோடு வெளியேறுகிறது. சாம்பலில் பொட்டாசிய உப்பும் உண்டு. அவ்வுப்பு சேர்ந்தால் சிலிகா உருகும் வெப்பநிலை தாழ்கிறது. கண்ணாடி செய்வோர் கையாளும் நுட்பமும் இதுவே. பெருங்குவியலாகச் சாணம் கனன்று எரியும்போது உள்வெப்பம் மிகுந்து அது உருகிக் கட்டியாகிறது. இரும்புலை வேண்டியதில்லை.

ஆயினும் ஃபுட் கூற்றை எல்லாரும் ஏற்கவில்லை. அவர் மறைந்த பின்னும் இரும்புக் கிட்டம் என்ற வாதம் மீண்டும் தலைதூக்கியது. 1957இல் ரேமண்ட் ஆல்ச்சின் என்னும் அறிஞர் தெலங்காணத்து உட்னூர் மேட்டை அகழ்ந்தார். மண்ணில் மரத்தூண்கள் நின்ற குழிகள் வரிசையாகத் தென்பட்டன. அவை வட்டமாகச் சூழ்ந்த வேலியின் அடையாளம். வேலிக்கு உள்ளே சாம்பலில் மாட்டுக் குளம்பின் சுவடுகள்! நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மாட்டின் அடிச்சுவடு ஃபுட்டுக்காகச் சான்று பகர்ந்தது. அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு அது. இவ்வெரிப்பு பொங்கல் போன்ற பருவ விழாக்களின் முன்வடிவாக இருக்கலாம் என்றும் ஆல்ச்சின் கருதினார். மேடுகள் பட்டிகள் மட்டுமா, சடங்கிடங்களுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அடிப்படை சாணமே என்பதில் ஐயமில்லை.

இறுதி நாட்கள்

1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் அவர் நிலவியல் பணி ஆற்றினார். ஏற்காட்டைத் தம் இல்லமாக்கிக் கொண்டார். வாழ்நாள் முழுதும் திரட்டிய கற்கருவிகளைச் சென்னை அரசு 1904இல் விலைக்கு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அத்தொகுப்பு உள்ளது. முதுமையிலும் அதற்கு அட்டவணை எழுதினார். நூலாக வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

நம் கடமை

ஃபுட் கண்ட மேடுகளுக்கு இன்று ஆபத்து நேர்ந்துள்ளது. வயலுக்கு எருவாகச் சாம்பலை அள்ளியதால் பல மேடுகள் குறைந்தன. சில அழிந்தே போயின. கற்கோடரிகள் செய்த சங்கனகல்லுக் குன்றுகளைக் கல்லுடைப்போர் வெடி வைத்துத் தகர்த்தனர். ஒரு மேடு அழிந்தால் அதில் பதிந்த சுவடும் அழியும். பின்னர் எந்தப் பொறியாலும் அதை மீட்க முடியாது. ஆல்ச்சின் வருமுன் உட்னூர் மேடும் வண்டியேறி வயலுக்குப் போயிருந்தால், ஃபுட்டின் கூற்று இன்றும் ஊகமாகவே நின்றிருக்கும்.

நண்பர்களே! டாலிகஞ்சில் மெட்ரோ ஏறிப் பார்க் ஸ்டிரீட்டில் இறங்கினால், ஃபுட் பணியாற்றிய துறையின் தலைமையகம் நடக்கும் தொலைவில்தான் உள்ளது. அடுத்த முறை அவ்வழி செல்லும்போது அவரை நினைவுகூருங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் ஊர்ப் புறத்தில் பெயர் மட்டும் கொண்டு நிற்கும் மேடுகளைச் சற்று நின்று பாருங்கள். அங்குள்ள முதியோரைக் கேளுங்கள். ஓடோ கல்லோ கிடைத்தால் எடுத்து வராமல், கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ஃபுட் விட்டுச் சென்ற பணியில் நம்மால் இயன்ற பங்கு அது.