மாமா இல்லை, சிபாரிசு இல்லை! லட்சாதிபதி ஆன பச்சையப்பர்

திருவண்ணாமலை தேரடி வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பையன் பி.காம். முடிச்சிட்டான், கணக்கு நல்லா வரும். ஆனா பேங்க்ல, கம்பெனியில நமக்கு யாரைத் தெரியும்?

இதே நிலையில் 200 வருஷத்துக்கு முன்பே ஒரு பையன் இருந்தான். சென்னையில் காலேஜுக்கே பெயர் கொடுத்த பச்சையப்ப முதலியார்தான் அவர்!

அப்பா முகம் பார்க்காதவர்

குடும்பத்துக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். 1754ல் பச்சையப்பர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் பிள்ளைகளோடு பெரியபாளையம் போய், பிறகு பட்டணம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஆதரவு கொடுத்தவர் நாராயண பிள்ளை. சொந்தக்காரர் அல்ல. பவுனி என்ற வெள்ளைக்கார வியாபாரியின் துபாஷி.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். பேச்சு, பேரம், கணக்கு, சரக்குக் கொள்முதல், பணம் புரட்டுவது எல்லாம் அவர் தலையில்தான். அந்தக் காலத்தில் பண உலகத்துக்கு அதுதான் வாசல்.

பையன் பக்கத்திலேயே இருந்து தொழில் பழகினான். இங்கிலீஷும் கணக்கும் கைக்கு வந்தன. வாலிப வயதிலேயே தரகில் சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்தார்.

அப்புறம் கம்பெனி அதிகாரி சலிவனுக்குத் துபாஷி ஆனார். தஞ்சாவூர் ராஜா கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்!

உயிலும் வழக்கும்

1794 மார்ச் 31ந் தேதி திருவையாற்றில் காலமானார். வயது 40தான். சாவதற்குச் சில நாள் முன்பு, சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்.

ஆனால் சொத்து கோர்ட்டில் மாட்டியது. வழக்கு பல வருஷம் இழுத்தது. கடைசியில் கோவில் தர்மம் போக மிஞ்சிய பணம் படிப்புக்கு என்று முடிவாயிற்று. 1842ல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1889ல் அது காலேஜ் ஆயிற்று.

அந்தக் கதவும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படித்தார்கள். காஞ்சிபுரத்து எளிய குடும்பத்தில் பிறந்த அண்ணா அங்கே படித்தவர்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சையப்பருக்கு உறவு இல்லை. ஆனால் தொழில் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் இருந்தார். அந்த ஒருத்தர் கிடைக்காத பையன்கள் எத்தனையோ பேர், பெயர் தெரியாமலே போயிருப்பார்கள்.

இன்றைக்கு அரசு பேங்க் வேலைக்குப் பரீட்சை இருக்கிறது. மார்க் வாங்கினால் மாமா தேவையில்லை. ஆனால் எந்தப் பரீட்சை, எப்போது, எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆள் வேண்டுமே! தேரடி வீதியில் ரிட்டயர் ஆன கேஷியர் யாராவது இருந்தால், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். நாராயண பிள்ளை செய்ததும் அதுதானே!