அசரியா அத்தியட்சரும் வாலிபர் ஊழியமும்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை நெடுந்தூரத்து ஊர்களில் உள்ளோரும் கண்டு களிப்பர். ஆயினும் அத்தீபத்துக்குரிய கொப்பரையையும் நெய்யையும் திரியையும் தோள்மேற் சுமந்து மலையேறும் மனிதரைக் காண்போர் சிலரே. பெரியோர் சரித்திரங்களை நாம் படிக்கும் முறையும் பெரும்பாலும் இத்தகையதே. அவர்கள் உச்சியில் நின்று ஒளிவிட்ட நாட்களை அறிவோம். சுமை தூக்கி ஏறிய நாட்களை அறியோம். திருவண்ணாமலையிலிருந்து எழுதும் நாம், அவ்விரண்டாம் வகை நாட்களையே இங்கு முதன்மையாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற பெயரைக் கேட்டவுடன், ஆங்கிலத் திருச்சபையில் முதன்முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற இந்தியர் என்பதே நம்மவர் நினைவுக்கு வரும். அவ்வபிஷேகம் நிகழ்ந்தது 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள். அதற்கு முன்னே, 1895 முதல் 1909 வரை 14 ஆண்டுகள், அவர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியராய்த் தென்னாட்டு ஊர்தோறும் சென்று வாலிபரிடையே உழைத்தார். அவர் பிற்காலத்திற் செய்த அரும்பணிகள் அனைத்துக்கும் வித்து அந்நாட்களிலேயே இடப்பட்டதென்பது நம் துணிபு. வாலிபரை நடத்துவது எங்ஙனம் என்று வேதாகமம் கற்பிப்பதை அவர் வாழ்க்கை வரிவரியாக விளக்கிக் காட்டுகிறது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். தாயார் எல்லன் அம்மையார். நெடுநாள் ஜெபித்துப் பெற்ற மகனாதலின், அன்னாள் பெற்ற பிள்ளையின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. 1889-இல் தந்தையார் காலஞ்சென்றார். அப்பொழுது மகனுக்கு வயது 14. தாயாரின் கண்டிப்பான வளர்ப்பும், மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பெற்ற மிஷன் பள்ளிப் பயிற்சியும் அவரை உருவாக்கின.

பின்னர் அவர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்தார். மில்லர் துரை தலைமை வகித்த காலம் அது. சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் அங்கே அவருக்கு நண்பரானார். படிப்பு முடியுந் தருவாயில் அசரியா நோயுற்றார்; இறுதித் தேர்வை எழுதி முடிக்க இயலவில்லை; பட்டம் பெறாமலே கலாசாலையை விட்டு நீங்கினார். அந்நாளிற் பட்டம் என்பது அரசாங்க உத்தியோகத்துக்குத் திறவுகோல். அதனை இழந்த வாலிபர் பலர் மனமுடைந்து வீடு திரும்பியதுண்டு. அசரியாவோ 1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியரானார். அவர் பிற்காலத்தில் அடைந்த ஏற்றத்துக்குப் பட்டம் இன்மை தடையாக நிற்கவில்லை. 1920-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையே அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிற்று. தேர்வில் தவறியதை வாழ்விலே தவறியதாக எண்ணி வருந்தும் மாணாக்கர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்வாராக.

சென்னையில் வாலிபர் சங்கம் 1890-இல் மக்கானகி என்னும் அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மாணாக்கரிடையே உழைத்தவர் வேறு சிலரும் உண்டு. டென்மார்க் மிஷன் சங்கத்தால் 1889-இல் சென்னைக்கு அனுப்பப்பெற்று, பின்னர்ப் பெங்களூர் ஐக்கிய வேதசாஸ்திரக் கலாசாலையின் முதல் தலைவராய் விளங்கிய லார்சன் அவர்களுள் ஒருவர். திருவண்ணாமலையிற் பள்ளி நடத்திய மிஷனும் அதுவே. யேல் கலாசாலையிற் கற்று 1896-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் பயின்று, தென்னாட்டு மாணாக்கரிடையே பணிபுரிந்த ஷெர்வுட் எடி மற்றொருவர். எடியும் அசரியாவும் உயிர்த் தோழராயினர், ஒருங்கே பயணஞ் செய்தனர், ஒருங்கே ஜெபித்தனர். ஆளும் இனத்தானும் ஆளப்படுவோனும் ஒரு மேசையில் அமர்ந்து உண்பதே அரிதாயிருந்த அந்நாளில், வெள்ளையரான ஒருவர் தமக்குச் சமமான தோழராய் இருத்தல் கூடும் என்பதை அசரியா எடியிடத்திற் கண்டார். கிறிஸ்துநாதர் தம் சீஷரை ஊழியக்காரர் என்னாது சிநேகிதர் என்றழைத்ததாக யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. வாலிபர் ஊழியத்துக்கு முதல் அஸ்திவாரம் இதுவே: நடத்துவோன் முதலாவது தோழனாயிருத்தல் வேண்டும்.

1898-இல் அவர் அன்பு மாரியம்மாள் சாமுவேல் என்னும் மங்கையை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்மணிகளுள் கலாசாலைப் படிப்புப் பெற்ற முதல் சிலருள் ஒருவர் அவ்வம்மையார். கணவர் ஏற்ற பணிகளிலெல்லாம் அவர் பங்கேற்றார்.

1902-ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணாக்கர் தமக்குள்ளே பொருள் சேர்த்து, கடல் கடந்து நம் நாட்டுக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்குத் தம்மவரை ஊழியத்துக்கு அனுப்பியிருந்தனர். இச்செய்தி அவர் உள்ளத்தை ஊடுருவிற்று. திருநெல்வேலிச் சபையோ யாழ்ப்பாணத்தினும் பெரியது. தலைமுறை பல கண்டது. ஆயினும் பிறர் அனுப்பிய ஊழியரையும் பிறர் ஈந்த பொருளையும் ஏற்றுக்கொண்டதேயன்றித் தான் எவரையும் அயல்நாட்டுக்கு அனுப்பியதில்லை. பெறுவதிலேயே பழகிய கை கொடுப்பதற்கு நீளாது என்பதை அசரியா உணர்ந்தார்.

ஊர் திரும்பியவர் வாளா இருக்கவில்லை. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியர், இந்தியர் பணமே மூலதனம், இந்தியரே நிர்வாகிகள் என்னும் மூன்று கொள்கைகள் அதற்கு அடிப்படையாயின. அசரியா அதன் செயலாளரானார்; அப்பொழுது அவருக்கு வயது 28. மறு ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் என்பார் அச்சங்கத்தின் முதல் ஊழியராய் நைஜாம் இராஜ்யத்தைச் சேர்ந்த தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். 1906-இல் அங்கே முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. இதற்கிடையே 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில் கேரியின் பெயர் விளங்கும் நூலகத்திற் பல மாகாணத்துக் கிறிஸ்தவர் கூடித் தேசிய மிஷனெரிச் சங்கத்தை அமைத்தனர். அசரியாவும் கே. டி. பாலும் அதற்கு உழைத்தவருள் முதன்மையானோர். ஒருவருக்கு வயது 31, மற்றவருக்கு 29.

இவ்விடத்திற் சற்றே நின்று சிந்திப்போம். வாலிபரை நடத்துவதென்றால் அவர்களை ஓரிடத்திற் கூட்டி நற்போதனை செய்து அனுப்புவது என்று பலர் கருதுகின்றனர். போதனை வேண்டியதே. ஆயினும் வேதாகமத்தில் தேவன் வாலிபரை அழைத்த இடங்களை நோக்குமின். சிறுவனாகிய சாமுவேல் இரவிற் குரல் கேட்டு எழுந்தபோது, முதியவராகிய ஏலி அச்செய்தியைத் தாம் கேட்டுச் சொல்லவில்லை. அதனைத் தானே கேட்பதற்குப் பிள்ளையைப் பழக்கினார். மோசே தம் கையை யோசுவாவின் மேல் வைத்தது மறைவிலன்று, சபையார் அனைவரும் காணவே. அந்தியோகியாச் சபையார் தமக்கு மிகவும் பயன்பட்ட பர்னபாவையும் பவுலையுமே பிரித்தனுப்பினர். பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஆலோசனையும் இதுவே: தான் கேட்டதை உண்மையுள்ளோரிடம் ஒப்புவிப்பதும், அவர்கள் மற்றவர்க்குப் போதிக்கத் தக்கவராயிருக்கும்படி பார்ப்பதும் அவன் கடமை. கேட்போனைக் கேட்போனாகவே வைத்திருப்பது வேதாகம முறையன்று; அவனை அனுப்பப்பட்டவனாக்குவதே முறை. அசரியா திருநெல்வேலி வாலிபர்க்குச் செய்ததும் இதுவே. அவர்கள் கையில் உண்மையான வேலையைக் கொடுத்தார். அதற்குரிய செலவையும் அவர்கள் தோளிலேயே ஏற்றினார்.

1907-இல் ஜப்பான் தலைநகராகிய தோக்கியோவில் கூடிய உலகக் கிறிஸ்தவ மாணாக்கர் மாநாட்டில் அசரியா கலந்துகொண்டார். உலகளாவிய புகழுக்குரிய பாதை அவர்முன் திறந்திருந்தது. எனினும் ஒரு வினா அவரை விடாது வருத்திற்று. பிறரைத் தோர்ணக்கலுக்குச் செல்லும்படி தூண்டுகின்ற நாம் ஏன் செல்லலாகாது என்பதே அவ்வினா. 1909-ஆம் ஆண்டு வாலிபர் சங்கப் பதவியை விட்டார், குருப்பட்டம் பெற்றார், மனைவி மக்களுடன் தோர்ணக்கலுக்குக் குடியேறினார். தொடக்கத்தில் அவர் வாழ்ந்தது கூடாரத்தில். ஏறத்தாழ 35 வயதில், தாம் அறியாத தெலுங்கு மொழியின் நடுவே, கல்வியும் நிலமும் மறுக்கப்பட்ட ஏழை மக்களுக்குத் தொண்டாற்ற முற்பட்டார். வழிகாட்டி மரம் ஊருக்குச் செல்லும் வழியைக் காட்டும், தான் செல்வதில்லை. வாலிபரின் தலைவன் வழிகாட்டி மரமாயிருத்தல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

மறு ஆண்டு, 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வந்திருந்தோருள் மிகப் பெரும்பாலோர் மேனாட்டார். ஆசியர் மிகச் சிலரே. அவர்கள் முன்னே அசரியா எழுந்து, மிஷனெரிமார்க்கும் இந்திய ஊழியர்க்கும் இடையேயுள்ள உறவைக் குறித்துப் பேசினார். மேனாட்டார் செய்த தியாகங்களை நன்றியுடன் ஒப்புக்கொண்டார். ஆயினும் தாங்கள் வேண்டுவது அவர்களுடைய பொருளினும் மேலாக அவர்களுடைய நட்பே என்று தெளிவாக உரைத்தார். அவையிற் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அம்மாநாட்டில் நிகழ்ந்த உரைகளுள் நூறாண்டு கடந்தும் நினைக்கப்படுவது அதுவே. எடியின் நட்பில் கற்ற பாடத்தை அவர் உலகத்தார் முன்னே வைத்தார் எனலாம்.

1912-இல் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது அவருக்கு வயது 38. இந்தியர் ஒருவரை அப்பதவியில் அமர்த்துவதற்கு ஐரோப்பியருள்ளும் இந்தியருள்ளும் எதிர்ப்பு எழாமலில்லை. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் உறுதியாய் நின்று அதனை நிறைவேற்றினார். அதன்பின் 32 ஆண்டுகள் அசரியா தோர்ணக்கல் திருமண்டலத்தை நடத்தினார். 1912-இல் சுமார் 57,000 ஆக இருந்த அச்சபை மக்கள் தொகை 1941-இல் சுமார் 2,25,000 ஆயிற்று. இடையே திருமண்டலத்தின் எல்லையும் விரிந்தது.

தொகையைக் காட்டிலும் முறையே நமக்கு முக்கியம். கிராமத்து ஊழியரைப் பயிற்றுவிக்கும்போது அவர்தம் மனைவியரையும் உடன் பயிற்றுவித்தார். ஞானஸ்நானம் பெற்ற எளியோர் ஒவ்வொருவரும் தம் தலைமேற் கைவைத்து, சுவிசேஷத்தைக் கூறாதொழிவது தமக்குக் கேடு என்னும் பவுலின் கருத்தைத் தாமே உரைக்கும்படி செய்தார். நேற்று வந்தவனுக்கும் இன்றே ஒரு பொறுப்பு! வாலிபரிடையே கற்ற பாடத்தைச் சபையாரனைவரிடத்தும் அவர் பயன்படுத்தினார். 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தோர்ணக்கல் பேராலயம் கோயிற்றூண்களின் அமைப்பையும் மசூதிக் கும்மட்டங்களின் சாயலையும் ஒருங்கே உடையது. கிறிஸ்தவன் தன் நாட்டுக்கு அந்நியனல்லன் என்பதைக் கல்லிலே எழுதிவைத்தார் போலும்.

மதமாற்றத்தைக் குறித்து 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை நேர்ந்தது. கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என்பதில் அசரியா உறுதியாயிருந்தார். எனினும் ஒருவன் தன் மனச்சான்றின்படி சமயத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்க இசைந்தாரல்லர். இவ்வழக்கில் இன்றும் இருபாலும் பேசுவோருளர். அவர் தம் கொள்கையைப் பகைமையின்றிப் பேசினார் என்பதை மட்டும் இங்குக் குறிக்கின்றோம்.

சபைகள் பிரிந்து நிற்பது அவருக்குத் தீராத வேதனை. 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியிற் கூடிய ஊழியர் கூட்டத்தில் ஒற்றுமைக்கான முயற்சி தொடங்கியபோது, அசரியாவும் எடியும் அதில் முன்னின்றனர். 28 ஆண்டுகள் கடந்து 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதனைக் காண அவர் இருந்திலர். 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலிலேயே அவர் உயிர் நீத்தார். மோசேயைப் போல் மலைமேல் நின்று தூரத்தே நோக்கினார். உட்புகுந்தோர் அவர் பயிற்றிய இளையோர்.

அன்பார்ந்த மாணாக்கரே! நம் கலாசாலைகளிலும் சபைகளிலும் வாலிபர் சங்கங்கள் பல தோன்றுகின்றன. ஊக்கமுள்ள செயலாளர் ஒருவர் இருக்குமளவும் அவை செழிக்கின்றன. அவர் பட்டம் பெற்று ஊர் சென்றதும் வாடிவிடுகின்றன. காரணம் யாது? அவர் எல்லாவற்றையும் தாமே செய்தார். மற்றவரைக் கேட்போராகவே வைத்தார். திருவண்ணாமலை போன்ற திருக்கோயில் நகரத்திற் கிறிஸ்தவ வாலிபர் சிலரே, அயலார் பலர். அச்சிலர் தம் மிஷனையும் தம் மூத்தோரையும் எதிர்நோக்கிக் கை நீட்டி நிற்பராயின் அவர்களால் ஊருக்கு யாதொரு பயனுமில்லை. அயலாரைத் தோழராக்கி, அவர்தம் மொழியையும் பண்பையும் மதித்து, தம் கைப்பொருளிற் சிறு பகுதியையேனும் பிறர் நலத்துக்கு ஒதுக்கி, தமக்கு இளையோனொருவன் கையில் ஒரு பணியை ஒப்புவிப்பராயின், அச்சங்கம் சிறிதாயினும் நிலைபெறும்.

அசரியா 28 வயதில் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் நூறாண்டு கடந்து இன்றும் ஊழியரை அனுப்பி வருகிறது. இவ்வாண்டு நம் சங்கங்களிற் பொறுப்பேற்கும் நண்பர்கள், தமக்குப்பின் அப்பொறுப்பைத் தாங்கும் இளையோன் யாவன் என்பதை ஆண்டிறுதியிலன்று, முதற்கூட்டத்திலேயே எண்ணத் தொடங்குவாராக.